பெங்களூர் நம்பர் போட்ட சென்னை வெள்ள வண்டி: டோக்கன் கொடுக்கும் முன் படியுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் தேடிக்கொண்டிருப்பவர்கள், முக்கியமாக பெங்களூர் டீலர்களிடம் தேடும் கோவை, ஈரோடு, சேலத்துக்காரர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். தண்ணீரில் மூழ்கிய ஒரு ஆடி டிடி காரை சுத்தமான வண்டி என்று சொல்லி என் தலையில் கட்டப் பார்த்தார்கள். வண்டியை நான் வாங்கவில்லை. ஆனால் டோக்கனாகக் கொடுத்த 50,000 ரூபாய் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் டீலர் பெயரைப் போடவில்லை, யாரும் கேட்க வேண்டாம்.

2012 மாடல், 2 லிட்டர் டர்போ பெட்ரோல், குவாட்ரோ (நான்கு சக்கர இழுவை), வெள்ளை நிறம், மீட்டரில் 38,000 கிலோமீட்டர், விலை 15 லட்சம். கர்நாடக நம்பர். போனில் பேசியவர் தமிழர்தான், நான் கோவை என்றதும் ஒரே பாசம். "இது பக்கா பெங்களூர் வண்டி சார், சென்னை வண்டி மாதிரி தண்ணி குடிச்சதெல்லாம் இல்லை, டாக்டர் ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார்" என்றார். (பழைய கார் மார்க்கெட்டில் விற்பனைக்கு வரும் பாதி வண்டிகளை எப்படித்தான் டாக்டர்களே ஓட்டியிருக்கிறார்களோ.) நான் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

டெஸ்ட் டிரைவும் லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதும் டோக்கன் போட்டால்தான் என்பது அந்த ஷோரூம் வழக்கமாம். சும்மா ஓட்டிப் பார்க்க வருகிற கூட்டம் அதிகம் என்று காரணம் சொன்னார்கள், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வண்டி பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வந்துவிடுமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். "அன்னைக்கே ரிட்டர்ன் சார், எழுதி வேணும்னாலும் தர்றேன்" என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதை நம்பி பேங்க் டிரான்ஸ்ஃபர் செய்தேன். பிறகு வந்த ரசீதின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்ன எழுத்தில், புக்கிங் தொகை எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது என்று ஒரு வரி. கேட்டதற்கு "அது பிரஸ்ல அடிச்ச ஃபார்ம் சார், எல்லாருக்கும் அதேதான்" என்றார்கள். அந்த வாய்ஸ் மெசேஜை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் தனியாகப் போகவில்லை. பீளமேட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும், ஆடி, ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் மட்டுமே பார்க்கிற அண்ணன் ஒருவரை லேப்டாப்போடு கூட்டிப் போனேன். வெளியே நின்று பார்த்தால் வண்டி பளபளவென்று இருந்தது. பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டரை எல்லாப் பேனலிலும் வைத்துப் பார்த்தோம், அடிபட்ட வண்டி இல்லை. கதவைத் திறந்ததும் பெர்ஃப்யூம் வாசம் மூக்கைத் துளைத்தது. அண்ணன் ஒன்றும் பேசாமல் டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், இழுத்தார், ரீலில் இருக்கிற கடைசி அடி வரைக்கும் இழுத்தார். நாம் பெல்ட் போடும்போது முழு நீளமும் வெளியே வராது, கடைசிப் பகுதி எப்போதும் உள்ளேயே சுருண்டு கிடக்கும். அங்கேதான் இருந்தது, குறுக்கே காவி நிறத்தில் ஒரு கறை. அதற்கு மேலே நாடா கறுப்பு, கீழே வெளிறிப்போய், நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி காய்ந்த சேறு உதிர்ந்தது. கார் வாஷில் எத்தனை முறை கழுவினாலும் பெல்ட்டை யாரும் முழுசாக இழுத்துக் கழுவ மாட்டார்கள்.

"தம்பி, வண்டி முங்கி எந்திரிச்சிருக்குதுங்க" என்றார் அண்ணன், மெதுவாக என் காதில்.

அதற்கப்புறம் தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. சீட்டை முன்னே தள்ளினால் தண்டவாளத்துக்குள் இருக்கும் போல்ட் தலைகள் துரு. காலடிக் கம்பளம் மட்டும் புத்தம் புதுசு, அதன் ஓரத்தைத் தூக்கினால் அடியில் இருக்கும் பஞ்சு கெட்டியாக இறுகிப்போயிருந்தது. டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்தால் பெயிண்ட் அடிக்காத இரும்பு பிராக்கெட்டுகள் எல்லாம் செம்பழுப்பு. சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஏர்பேக் கனெக்டரைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. (அந்த கனெக்டரை நீங்களாகக் கழற்றிப் பார்க்காதீர்கள், பார்த்தால் போதும்.) சாவியைத் திருப்பினால் மீட்டரில் ஏர்பேக் லைட் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும், எந்த வண்டியாக இருந்தாலும். இதில் அது எரியவே இல்லை. லேப்டாப்பை மாட்டி விசிடிஎஸ் (ஆடி, ஃபோக்ஸ்வாகன் வண்டிகளின் கோளாறுகளைப் படிக்கும் சாஃப்ட்வேர்) ஸ்கேன் ஓட்டினால் ஏர்பேக் மாட்யூலிடமிருந்து பதிலே இல்லை. மாட்யூல் செத்துப்போய், அதைக் காட்டிக்கொடுக்கிற லைட்டையும் யாரோ அணைத்துவிட்டார்கள். 15 லட்சம் கொடுத்து வாங்கி 150 கிலோமீட்டர் வேகத்தில் போகப்போகிற காரில் ஏர்பேக் இல்லை! பணம் போனதைவிட எனக்கு இதுதான் வயிறு எரிகிறது.

லிஃப்டில் ஏற்ற முதலில் மறுத்தார்கள், லிஃப்ட் ரிப்பேர் என்றார்கள், நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே வேறொரு வண்டி அதில் ஏறியது. கடைசியில் ஏற்றினோம். குவாட்ரோவில் பின் ஆக்சிலோடு சேர்ந்து ஹால்டெக்ஸ் என்று ஒரு கப்ளிங் உண்டு, நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுப்பது அதுதான். அது வண்டியின் அடியில் தாழ்வாக இருக்கும், அதன் ஒயரிங் சாக்கெட்டிலும் அதே பச்சை.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இங்கே இருக்கிறது. டிடி மாதிரி வண்டிக்கும் தரைக்கும் நடுவே ஐந்து அங்குலம்கூட இருக்காது. ஒரு எஸ்யூவிக்கு டயரோடு போகிற தண்ணீர், இதற்கு சீட் வரைக்கும் வந்துவிடும். போதாக்குறைக்கு இப்படிப்பட்ட வண்டிகள் பெரும்பாலும் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டில்தான் நிற்கும், வெள்ளம் முதலில் நுழைவதும் அங்கேதான். 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோதும் சரி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு வேளச்சேரி, பள்ளிக்கரணை மிதந்தபோதும் சரி, இப்படித்தான் போயின. ரிப்பேர் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ்காரர்கள் டோட்டல் லாஸ் என்று கணக்கு முடித்து ஓனருக்குப் பணத்தைக் கொடுத்துவிடுவார்கள். வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவர் கழுவித் துடைத்து ஸ்டார்ட் செய்துவிட்டால் பக்கத்து மாநிலத்தில் அது மறுபடியும் டாக்டர் ஓட்டிய வண்டி.

இந்த வண்டி சென்னையிலிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது பின்பக்கச் சின்னக் கண்ணாடி. திருட்டுக்குப் பயந்து சிலர் வண்டி நம்பரைக் கண்ணாடியில் பொறித்து வைப்பார்கள் இல்லையா, அந்த இடத்தைத் தேய்த்து மழுப்பியிருந்தார்கள். சாய்வாக வெளிச்சம் அடித்தால் டிஎன் 07 என்பது மட்டும் படிக்க முடிந்தது. தென் சென்னை, திருவான்மியூர் ஆர்டிஓ. கர்நாடக ஆர்டிஓவில் பி எக்ஸ்ட்ராக்ட் (வண்டியின் பதிவு விவர நகல்) வாங்கிப் பார்த்தால் 2017-ல்தான் தமிழ்நாட்டிலிருந்து அங்கே மாற்றியிருக்கிறார்கள். சேஸிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் விவரத்தை விசாரித்தோம். கடைசி சர்வீஸ் 2015 நவம்பர், சென்னை, அப்போது 41,000 கிலோமீட்டர். அதற்கப்புறம் ஒரு பதிவும் இல்லை. மீட்டரில் இப்போது 38,000! வண்டி பின்னோக்கி ஓடியிருக்கிறது போல.

இதையெல்லாம் வைத்துப் பணத்தைக் கேட்டபோது, போனில் பாசமாகப் பேசிய அதே ஆள், "சென்னை வண்டின்னா லேசா தண்ணி படாம இருக்குமா சார்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுத்து ஓனர் மேனேஜர் மேல் பழி போட்டார், மேனேஜர் வண்டியைக் கொடுத்த பார்ட்டி மேல் போட்டார். டோக்கனை வேறு வண்டியில் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை வேறு. அவர்களிடம் இன்னொரு வண்டி வாங்க எனக்கு என்ன பைத்தியமா?

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு தகவல். வழக்குப் போட பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் (முன்பு இ-தாக்கில்) வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கோவையில் போட்டிருக்கிறேன். ரசீது, வாய்ஸ் மெசேஜ், ஸ்கேன் ரிப்போர்ட், பெல்ட்டின் போட்டோ எல்லாம் கொடுத்தாயிற்று. டீலர் தரப்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.

வண்டி மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கிறது, விலையை ஒரு லட்சம் குறைத்திருக்கிறார்கள். புதுப் போட்டோக்களில் அந்தப் பின்பக்கக் கண்ணாடி மட்டும் ஒன்றிலும் தெரியவில்லை. வெள்ளை டிடி, 2012, கர்நாடக நம்பர், 38,000 கிலோமீட்டர் என்று யாராவது உங்களிடம் பேசினால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டை அப்படியே அனுப்பிவைக்கிறேன்.