ஸ்டூடியோ கூரைக்கு ராக்வூல் ஸ்லாப்: சரக்கு நல்லது, மாட்டுவதில்தான் சூட்சுமம்

வீட்டு ஸ்டூடியோ என்றதும் பலர் முதலில் வாங்குவது முட்டு முட்டாக இருக்கும் ஃபோம் அட்டை. ஒரு அங்குல ஃபோமை நேராகக் கூரையில் ஒட்டினால் அது எதிரொலியை நன்றாக உறிஞ்சுவது சுமார் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே. ஆண் குரலின் கனமும் மிருதங்கத்தின் தொப்பியும் இருக்கும் பகுதியை அது தொடவே தொடாது. அறை மந்தமாகும், தெளிவாகாது. போதாததற்குப் பாலியூரித்தேன் ஃபோம் சட்டென்று தீப்பிடிக்கும். முட்டை அட்டையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

இதற்கு மாற்றாக வாங்க வேண்டியது ராக்வூல் ஸ்லாப், அதாவது பாறையை உருக்கி இழையாக்கிச் செய்த பலகை. 48 டென்சிட்டி (கன மீட்டருக்கு 48 கிலோ), 50 மி.மீ. கனம், 1200 × 600 மி.மீ. அளவு. ஒரு ஸ்லாப் ஏறக்குறைய 1.75 கிலோ. இரண்டை அடுக்கி மர ஃபிரேமில் வைத்துத் துணி சுற்றினால் 4 அங்குலக் கனத்தில் ஒரு பேனல். கூரைக்கும் பேனலுக்கும் நடுவில் இன்னொரு 4 அங்குலம் காலியாக விட்டால், 430 ஹெர்ட்ஸ் பக்கம் நன்றாகப் பிடிக்கும், அதற்குக் கீழும் ஓரளவு வேலை செய்யும். அந்தக் காலி இடத்துக்குக் காசு கிடையாது, ஆனால் பாதிப் பலன் அதில்தான். கடையில் “96 போடுங்க, இன்னும் ஸ்ட்ராங்கு” என்பார்கள். இந்தக் கனத்துக்குப் பெரிய லாபம் இல்லை. தலைக்கு மேல் தொங்கும் ஸ்லாப்பின் எடைதான் இரண்டு மடங்காகும்.

குறைகளும் உண்டு. கட்டாகத்தான் தருவார்கள், உதிரியாகக் கிடைப்பது அரிது. வண்டியில் ஏற்றி இறக்குவதற்குள் மூலைகள் உதிர்ந்துவிடும். அரிப்பு நிச்சயம்: கையுறை, மாஸ்க், முழுக்கைச் சட்டை இல்லாமல் கட்டைப் பிரிக்காதீர்கள். பெரிய குறை, படுக்கை வாக்கில் வைத்தால் நடுவில் தொய்யும். அதற்கு மருந்து கடலூர் முதுநகரில் மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் இருக்கிறது. ஒரு மி.மீ. தங்கூசி நரம்பை (தூண்டிலுக்குப் போடும் நைலான் இழை) ஃபிரேமின் அடியில் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே இழுத்துக் கட்டினால் போதும். பழைய வலைத்துண்டும் சரிதான்.

இரண்டு பேனலுக்கு 4 ஸ்லாப், 4 அங்குல அகலம் முக்கால் அங்குலக் கனமுள்ள பைன் பட்டை 30 அடி (பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும் சேர்த்து), மீட்டர் அகலத் துணி மூன்றேகால் மீட்டர். ஸ்லாப் கைக்கு வந்தபிறகு அளந்து பட்டையை அறுங்கள்; உள்ளளவு 5 மி.மீ. குறைவாக இருந்தால் சிக்கென்று உட்காரும். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு தாராளமாகப் போக வேண்டும். புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடைகளில் ஊதிப் பார்த்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை. காடாத் துணியே போதும். ரெக்சின், சாட்டின் கூடாது. துணிக்குள் மெல்லிய நான்-ஓவன் (நெய்யாத துணி) ஒரு சுற்றுப் போட்டால் தூசி கீழே கொட்டாது.

எல்லாம் சேர்ந்து ஒரு பேனல் சுமார் 8 கிலோ. பேனலுக்கு நான்கு மூலையிலும் எம்6 ஆங்கர் ஃபாஸ்டனர் (கான்கிரீட் துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்டு), கொக்கி, சங்கிலி. பிளாஸ்டிக் ராவல் பிளக் சுவருக்குத்தான். கூரையில் எடை நேராகக் கீழே இழுக்கும்போது நழுவி வந்துவிடும். டிரில் பிட் இறங்காமல் இரும்புத்தூள் வந்தால் கம்பியில் பட்டிருக்கிறது, இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஃபேன் பாக்ஸிலிருந்து சுவிட்சுச் சுவருக்கு வயர் பைப் ஓடும் பாதையில் துளையே வேண்டாம். ஃபிரேமில் கொக்கியை வெறும் ஸ்குரூவில் நிறுத்தாமல் எல் ஆங்கிள் வைத்து போல்ட்டு நட்டு போட்டு முடுக்குங்கள். கடற்கரைக் காற்றில் சாதாரணக் கொக்கி துருப்பிடித்துத் துணியில் கறை இறங்கும். கொக்கி, சங்கிலி, ஸ்டேப்பிள் பின் மூன்றும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக வாங்கினால் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

புதுச்சேரியின் பழைய வீட்டுக்காரர்களுக்கு: மெட்ராஸ் டெரஸ் கூரையில் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கியிருப்பார்கள். செங்கல்லில் ஃபாஸ்டனர் அடித்தால் பெயர்ந்து தலையில் விழும். கட்டையில் மட்டும் திருகுங்கள். அதுவும் உளுத்திருக்கிறதா என்று முதலில் ஆணியால் குத்திப் பார்த்துவிட்டு.

எங்கே மாட்டுவது? ஸ்பீக்கருக்கும் காதுக்கும் நடுவே, கூரையில் கண்ணாடியை ஒருவர் நகர்த்திப் பிடிக்க, உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடம். 12 அடி நீள அறையில் நடுவில் ஃபேன் என்றால் இறக்கை நுனிக்கும் முன் சுவருக்கும் 4 அடிதான் மிச்சம். பேனலை இறக்கைக்கு மேலே தள்ளினால் காற்று வராது, பேனலும் ஆடும். அதனால் இரண்டையும் அகலவாக்கில், முனையோடு முனை சேர்த்து, சுவரிலிருந்து ஒன்றரை அடி விட்டு மாட்டுவது தோது.

மழைக்காலத்தில் ஒழுகும் கூரையென்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ராக்வூல் தண்ணீரை எளிதில் ஏற்காது, ஆனால் துணியும் மரமும் பூஞ்சை பிடிக்கும்.

பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவது இதனால் குறையாது. 10 அடி உயரக் கூரையில் 56 ஹெர்ட்ஸ் வாக்கில் எழும் முழக்கமும் அப்படியே இருக்கும். வாங்கிய கட்டுக்குள் மிஞ்சும் ஸ்லாப்புகளைத் துணி சுற்றி அறை மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை தடிமனாக அடுக்கினால் அந்த முழக்கம் கொஞ்சம் அடங்கும்.