வலிப்பு மாத்திரையும் கருத்தடை வழிகளும்: எது எதோடு ஒத்துப்போகும்?

என் சித்தி மகள் பள்ளி நாட்களிலிருந்து வலிப்பு நோய்க்குக் கார்பமாசெபின் சாப்பிட்டு வருபவள். முதல் குழந்தை பிறந்த பிறகு, அருகிலிருந்த மருத்துவமனையில் கொடுத்த கருத்தடை மாத்திரையையும் அதோடு சேர்த்து எடுத்துக்கொண்டாள். இரண்டு அட்டைகளும் சமையலறை அலமாரியில் ஒரே டப்பாவில்தான் இருந்தன. இரவுச் சாப்பாடு முடிந்ததும் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றைப் பிரித்து விழுங்குவாள். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆனாலும் எட்டாவது மாதத்தில் கரு தங்கியது. "மறந்துபோயிருப்பாய்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கருத்தடை மாத்திரையைக் கொடுத்தவர்கள் கேட்டிருந்தால், அந்தப் பழிச்சொல்லுக்கு அவள் ஆளாகியிருக்கவே மாட்டாள்.

கார்பமாசெபின், ஃபினைட்டாயின், பினோபார்பிட்டோன், ஆக்ஸ்கார்பசெபின், நாளொன்றுக்கு 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் டோபிராமேட் ஆகியவை கல்லீரலில் உள்ள நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. அந்த நொதிகள் கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோனை வழக்கத்தைவிட வேகமாகச் சிதைத்துவிடுவதால், மாத்திரையை ஒழுங்காக விழுங்கினாலும் கருமுட்டை வெளிப்படுவதைத் தடுக்கும் அளவுக்கு ஹார்மோன் இரத்தத்தில் நிற்பதில்லை. லெவெட்டிராசெட்டம், வால்புரோயேட் போன்றவற்றுக்கு இந்தக் குணம் இல்லை. ஆகவே, எந்தக் கருத்தடை நல்லது என்ற கேள்விக்கு விடை தேடும்போது, அந்தப் பெண்ணின் வலிப்பு மாத்திரை அட்டையைத்தான் முதலில் வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லாமோட்ரிஜினின் கதை இதற்கு நேர்மாறானது. இங்கே அடிபடுவது கருத்தடை மாத்திரையன்று, வலிப்பு மருந்துதான். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை லாமோட்ரிஜினின் இரத்த அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடும். அரசு வழங்கும் மாலா-என் அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: 21 வெள்ளை மாத்திரைகளில் ஹார்மோனும், 7 பழுப்பு மாத்திரைகளில் இரும்புச்சத்தும் இருக்கும். வெள்ளை மாத்திரை சாப்பிடும் மூன்று வாரங்களில் தாழ்ந்து கிடக்கும் லாமோட்ரிஜின், பழுப்பு மாத்திரை வாரத்தில் மளமளவென ஏறும். மாதம் தவறாமல் இப்படி ஏறி இறங்கினால், அளவு தாழ்ந்த நாட்களில் வலிப்பு திரும்பி வரலாம். ஏறிய நாட்களில் தலைச்சுற்றலும் இரட்டைப் பார்வையும் வரலாம். காரணம் தெரியாத குடும்பம், மருந்து வேலை செய்யவில்லை என்றே முடிவுகட்டும்.

மாத்திரைக்கு அடுத்து ஊசி. அந்தாரா என்ற பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படும் இந்த ஊசியில் ஹார்மோன் அளவு அதிகம் என்பதால், நொதிகளைத் தூண்டும் வலிப்பு மருந்துகளோடும் இதைப் பயன்படுத்தலாம் என்றே உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி வரையறை சொல்கிறது. தினமும் நினைவு வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. எனினும் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. நீண்ட காலம் ஃபினைட்டாயினும் பினோபார்பிட்டோனும் சாப்பிடுபவர்களுக்கு எலும்பின் அடர்த்தி குறைவது தெரிந்ததே. இந்த ஊசியும் அதைச் சற்றுக் குறைக்கும். மேலும், ஊசியை நிறுத்திய பிறகு கருவுறும் தன்மை திரும்பப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், அடுத்த ஆண்டு குழந்தை வேண்டும் என்று நினைப்பவருக்கு இது பொருந்தாது. மேற்கையில் தோலுக்கடியில் வைக்கும் ஹார்மோன் குச்சி சிறந்த சாதனம்தான். ஆனால் கார்பமாசெபின் போன்றவற்றோடு அதன் வலுவும் குறைந்துவிடும்.

கருப்பைக்குள் பொருத்தப்படும் காப்பர்-டி, ஹார்மோன் வளையம் ஆகிய இரண்டும் அங்கேயே வேலை செய்பவை. காப்பர்-டியில் ஹார்மோனே கிடையாது. செம்பு விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கிறது, அவ்வளவுதான். எந்த வலிப்பு மாத்திரையாலும் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதுவும் எந்த வலிப்பு மாத்திரையையும் தொந்தரவு செய்யாது. 380-ஏ வகை 10 ஆண்டுகள் வரை பாதுகாப்புத் தரும். அரசு மருத்துவமனையில் இலவசம். பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே பொருத்திக்கொள்ளவும் முடியும். இதன் குறை, முதல் சில மாதங்களில் மாதவிடாய்ப் போக்கும் வலியும் கூடுவது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருந்ததை நினைத்தால், இதை அற்பக் குறை என்று தள்ளிவிட மனம் வரவில்லை. ஹார்மோன் வளையம் இந்த இடத்தில் முந்துகிறது: போக்கைக் குறைக்கிறது, ஹார்மோன் நேரே கருப்பைச் சுவரில் வேலை செய்வதால் கல்லீரல் நொதிகள் அதன் பலனைக் கெடுப்பதில்லை. ஆனால் தனியாரிடம் பல ஆயிரம் ரூபாய் செலவாகும். இரத்தம் நன்றாக உள்ளவருக்குக் காப்பர்-டி, அதிகப் போக்கால் ஏற்கெனவே வாடுபவருக்கு, பணம் இடம் கொடுத்தால், ஹார்மோன் வளையம் என்பதே என் தேர்வு.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கும் வலிப்பு மருந்துக்கும் மோதல் இல்லை. போதும் என்று தானே முடிவெடுத்த பெண்ணுக்கு அது நல்ல வழி. ஆனால் "இந்த நோயை வைத்துக்கொண்டு உனக்கெதற்கு இன்னொரு குழந்தை" என்று சுற்றியிருப்பவர்கள் நெருக்கி, அவளை அந்த மேசைக்கு அனுப்புவது அநியாயம். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தையே செல்லாததாக்க இடம் கொடுத்த வாசகம் இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999-இல்தான் நீக்கப்பட்டது. சட்டம் விட்டுவிட்டதை வீடுகள் இன்னும் விடவில்லை.

இனி, குழந்தை வேண்டும் என்பவர்களின் பக்கம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் 1998 முதல் நடந்துவரும் கேரள வலிப்பு–கர்ப்பப் பதிவேட்டைக் கொண்டு செய்து, 2010-இல் வெளியான ஆய்வில், குழந்தைக்காகக் காத்திருந்த 375 பெண்களில் 38.4 சதவீதத்தினர் கருத்தரிக்கவில்லை. மருந்தே எடுக்காதவர்களிடம் இது 7.1 சதவீதம், மூன்றோ அதற்கு மேலோ மருந்து எடுத்தவர்களிடம் 60.3 சதவீதம். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வோ, கருத்தரிக்க முயன்ற வலிப்புள்ள பெண்களில் 60.7 சதவீதத்தினரும் மற்றப் பெண்களில் 60.2 சதவீதத்தினரும் ஓராண்டுக்குள் கருத்தரித்ததாகக் காட்டியது. அமெரிக்க ஆய்வு, கருவுறுதலில் குறை இருப்பதாக முன்பே அறியப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. கட்டுக்கு அடங்காத வலிப்புக்குத்தான் பல மருந்துகள் தேவைப்படுகின்றன என்பதால், பழியை முழுவதும் மருந்தின் மேல் போட முடியாது. ஆயினும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது, வலிப்பு இருப்பதாலேயே ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறக்காது என்று சொல்லிவிடக் கூடாது என்பதும், மருந்துகளின் எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா என்று கேட்பது பொருளுள்ள கேள்வி என்பதும் எனக்குத் தெளிவாகின்றன.

எந்த மருந்து என்பதும் முக்கியம். 7,355 கர்ப்பங்களை ஆராய்ந்து 2018-இல் வெளியான பன்னாட்டுப் பதிவேட்டு முடிவுகளின்படி, கருவில் பெரிய உறுப்புக் குறைபாடுகள் வால்புரோயேட் எடுத்தவர்களிடம் 10.3 சதவீதமாகவும், கார்பமாசெபினில் 5.5, லாமோட்ரிஜினில் 2.9, லெவெட்டிராசெட்டத்தில் 2.8 சதவீதமாகவும் இருந்தன. வால்புரோயேட் குழந்தையின் அறிவுத்திறனையும் பாதிக்கக்கூடும். ஆனால் இந்த எண்களைப் படித்துவிட்டு மாத்திரையைத் தானே நிறுத்துவது பேராபத்து. கர்ப்பக் காலத்தில் பெரிய வலிப்பு வந்தால் தாய்க்கும் சேய்க்கும் உயிரே போகலாம்.

ஆகவே வரிசை இதுதான்: கருத்தடையை அகற்றுவதற்குப் பல மாதங்கள் முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்து, மருந்தை மாற்ற வேண்டுமானால் மாற்றி, வலிப்பு அடங்கியிருப்பதை உறுதி செய்து, ஃபோலிக் அமில மாத்திரையையும் தொடங்கிவிட வேண்டும். என் சித்தி மகள் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காப்பர்-டி பொருத்திக்கொண்டாள். அன்று செவிலியர் கேட்பதற்கு முன்பே, பையிலிருந்து கார்பமாசெபின் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாளாம்.