தில்லியும் சென்னையும்: யார் காற்று தேவலாம்?

இரண்டு ஊரும் நாலாபக்கமும் வளர்ந்துகொண்டேதான் போகின்றன. ஆனால் மூச்சுத் திணறுவது தில்லிதான்.

காரணம், அங்கே கடல் இல்லை. குளிர்காலத்தில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிடும். அதன்மேல் வெப்பக் காற்று மூடி போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். வண்டிப் புகை, கட்டுமானத் தூசி, பஞ்சாப், அரியானா வயல்களில் நெல் தாள் எரிக்கும் புகை எல்லாம் அடியிலேயே தங்கிவிடும். 2002-இல் பேருந்துகளை சிஎன்ஜி என்ற, புகை குறைந்த இயற்கை எரிவாயுவுக்கு மாற்றி முடித்தார்கள், அருமையான வேலை. அப்புறம் பெருகிய வண்டிகள் அந்தப் பலனைத் தின்றுவிட்டன.

சென்னைக்குக் கடற்காற்று கைகொடுக்கிறது. அதற்காக நம் காற்று சுத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிஎம் 2.5 என்ற, மூச்சோடு நுரையீரலுக்குள் போகும் மிக நுண்ணிய துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். சென்னையும் அதைத் தாண்டித்தான் நிற்கிறது. 2018 போகியன்று காற்று அசையவில்லை. பனியோடு புகையும் சேர்ந்து, விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திரும்பின. வடசென்னையின் எண்ணூர், மணலிக்காரர்களுக்கோ அனல்மின் நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் வருஷம் முழுக்கப் பக்கத்திலேயே.

தில்லிக்குப் பக்கத்து மாநிலங்களும் சேர்ந்தால்தான் வழி. சென்னைக்கு அந்தச் சாக்கு இல்லை. வடசென்னை அனல்மின் நிலையமும் மாநகரப் பேருந்துகளும் நம் மாநில அரசின் கையிலேயே இருக்கின்றன.