பிச்சாவரம்: துடுப்புப் படகையே எடுங்கள்

சிதம்பரத்துக்குப் பக்கத்தில் உள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டைச் சுற்றிப் பார்க்க மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. யோசிக்காமல் துடுப்புப் படகுக்கே சீட்டு வாங்குங்கள். மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்பில் வேகமாகச் சுற்றிக் காட்டும். காடு தூரத்தில் பச்சையாகத் தெரியும், அவ்வளவுதான். அந்த மரங்கள் எப்படி நிற்கின்றன என்று பார்க்கக் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழைய வேண்டும். அதற்குத் துடுப்புதான் சரி.

நான் கட்டடத் துறையில் இருப்பவன். களிமண்ணில் பைல், அதாவது கட்டடத்தைத் தாங்கும் ஆழத் தூண், இறக்குவது அன்றாட வேலை. அதனால் சுரபுன்னை மரங்களுக்கு நடுவே படகு நின்றதுமே என் கண் வேருக்குத்தான் போனது. நாளுக்கு இரண்டு முறை கடல்நீர் ஏறி இறங்கும் கொழகொழச் சேறு அது. எங்கள் ஆட்கள் அந்த மண்ணைப் பார்த்தால் முதலில் தலையைச் சொறிவார்கள். அதில் மரம் நிமிர்ந்து நிற்கிறது.

என் மகள் கேட்டது நல்ல கேள்வி: "அப்பா, மரம் ஏன் கீழே வரவர ஒல்லியாகுது?" நம் ஊர் வேம்பு, புளி எல்லாம் அடிமரம் பருத்திருக்கும். காற்று தள்ளும்போது மரத்தை வளைக்கும் விசை அடியில்தான் அதிகம். சுரபுன்னையில் அந்தப் பாரத்தை அடிமரம் தனியாகச் சுமப்பதில்லை. தண்டிலிருந்து வில்லாக வளைந்து இறங்கும் தாங்கு வேர்கள் சுற்றிலும் ஊன்றி அதை வாங்கிக்கொள்கின்றன. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் எதிர்ப்பக்கத்து வேர் முட்டுக்கொடுக்கும். அடிமரம் மெலிந்தாலும் பாதகமில்லை.

படகோட்டி அண்ணன் துடுப்பைச் சேற்றில் ஊன்றிப் படகை நிறுத்தினார். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வேர். மேல்பகுதி முழுக்கச் சொரசொரப்பான சின்னச் சின்னப் புள்ளிகள். காற்று உள்ளே போகும் துளைகள் அவை. கீழ்ப்பகுதியில் சிப்பிகள் அப்பியிருந்தன. தண்ணீர் எதுவரை ஏறும் என்பதை அந்தச் சிப்பி வரிசையே சொல்லிவிடும். இதே வேர் சேற்றுக்குள் போனதும் பஞ்சுத்தன்மையாகி, மேலிருந்து வரும் காற்றை உள்ளே வைத்துக்கொள்கிறது. தாங்குவதும் மூச்சுவிடுவதும் ஒரே வேரின் வேலை. இதைப் பார்த்ததற்கே கொடுத்த காசு செரித்துவிட்டது.

வெண்கண்டல் மரத்தின் வழி வேறு. அதன் வேர்கள் சேற்றின் மேலடுக்கிலேயே நாலா பக்கமும் நீளமாக ஓடுகின்றன. ஆழம் போவதில்லை, ஆழத்தில் காற்று கிடையாது. துடுப்பு கிளறிய இடத்தில் கறுப்புச் சேறு அழுகிய முட்டை நாற்றத்தோடு மேலே வந்தது, அதுதான் அடையாளம். அந்தக் கிடைவேர்களிலிருந்து நேராக மேலே கிளம்பி நிற்கும் ஒரு சாண் குச்சிகளைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அவை மூச்சுக்கு, மரத்தைப் பிடித்து வைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத கிடைவேர்கள்.

அகலமான இடத்தில் கடற்புல் கொத்து ஒன்று மிதந்து வந்தது. தண்ணீரில் இலைகள் அழகாக விரிந்திருந்தன. மகள் தூக்கியதும் துவண்டு கையோடு ஒட்டிக்கொண்டன. தண்ணீரே தாங்கிப் பிடிப்பதால் அதற்கு மரம்போல் கட்டையான தண்டு தேவையில்லை. திரும்ப விட்டதும் மறுபடி விரிந்தது. பாடப்புத்தகத்தில் எத்தனை பக்கம் படித்தாலும் இது வராது.

சிதம்பரத்தின் தலமரமான தில்லையையும் இங்கே பார்க்கலாம். படகோட்டியிடம் கேளுங்கள், காட்டுவார். கிளையை மட்டும் ஒடிக்காதீர்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேர் காடு இது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஒரு காலத்தில் தொகுதி தொகுதியாக மரம் வெட்டியதில் தரை தாழ்ந்து, நீர் தேங்கி, உப்பு ஏறி, பல இடங்களில் மரமே முளைக்காமல் போனது. 1990களில் வனத்துறையும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஏறி இறங்கும் கடல்நீர் வந்துபோக வழி செய்து, அங்கே மறுபடி அலையாத்தி மரங்களை வளர்த்தார்கள். எவ்வளவு கெட்டிக்கார வேரானாலும் தண்ணீர் தேங்கினால் தாங்காது.

குறை என்றால் வெயில். துடுப்புப் படகில் கூரை இல்லை. வாய்க்காலுக்குள் நிழல் உண்டு, வெளியே வந்தால் சுடும். தொப்பியும் தண்ணீரும் அவசியம். சனி, ஞாயிறு கூட்டம் அதிகம். நேரம் குறைவான சுற்றை எடுத்தால் நின்று பார்க்க முடியாது, கூடுதல் நேரமுள்ளதை எடுங்கள். அப்புறம், தண்ணீர் வத்தும் நேரம் எது என்று படகுத் துறையில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தின்போது வேரில் பாதி மூழ்கிவிடும். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக 15 கிலோமீட்டர்தான் இருக்கும், முந்தின இரவு அங்கே தங்கிவிட்டால் காலையிலேயே படகேறிவிடலாம்.