ஏரிக்கரைக்குக் கொண்டுபோகும் பை: கொசு விரட்டிகளும் அரிப்பு மருந்துகளும் பற்றி ஒரு மதிப்புரை

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் மாலை வேளையில் நின்றவர்களுக்குத் தெரியும்: கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் கூட்டங்கூட்டமாக மரங்களுக்குத் திரும்பும் அதே நேரத்தில்தான் கொசுக்களும் கிளம்புகின்றன. பறவைகளைப் பார்க்க மிக நல்ல பொழுது எதுவோ, அதுவே கடி வாங்கவும் மிக மோசமான பொழுது. கடந்த நான்கு பருவங்களாக, நவம்பர் முதல் மார்ச் வரை, மாதத்துக்கு ஒருமுறையாவது என் மகளை அங்கே அழைத்துச் சென்று வருகிறேன். அவளுக்கு ஒன்பது வயது. கொசு கடித்தால் எனக்கு ஒரு சிறு புள்ளிதான் விழும். அவளுக்கோ அந்த இடம் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகத் தடித்து, சூடாகி, இரண்டு மூன்று நாள்கள் நமைச்சல் அடங்காமல் கிடக்கும். முதல் பருவத்தில் சொறிந்து சொறிந்து அவள் கணுக்காலில் புண்ணே வந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் வாங்கிப் பார்த்த களிம்பு, தெளிப்பான், கைப்பட்டை, லோஷன், மாத்திரை ஆகியவற்றில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை என்பதை, குழந்தைகளோடு வெளியே செல்லும் மற்றவர்களுக்காக இங்கே பதிவு செய்கிறேன்.

முதலில் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் வெள்ளைக் களிம்பு. ஓடோமாஸ் என்று கேட்டாலே எடுத்துக் கொடுத்துவிடும் அளவுக்கு நம் ஊரில் அந்தப் பெயர் பொதுப்பெயராகிவிட்டது. அதன் டியூபைத் திருப்பிப் பார்த்தால், செயல்படும் பொருள் டைஎத்தில் பென்சமைட், 12 சதவீதம் என்று இருக்கும். இந்த ஒரு வரியைப் படிக்கும் பழக்கம் வந்த பிறகே என் பணம் வீணாவது நின்றது. பெட்டியின் முன்பக்கம் "இயற்கையானது", "மென்மையானது" என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். கொசு நம்மீது உட்காருமா, உட்காராதா என்பதைப் பின்பக்கத்தில் உள்ள பொருளின் பெயரும் சதவீதமும்தான் முடிவு செய்கின்றன.

இவ்வகைக் களிம்புகள் கொசுவைக் கொல்வதில்லை. நாம் வெளிவிடும் மூச்சுக்காற்று, வியர்வை மணம், உடற்சூடு ஆகியவற்றைக் கொண்டு நம்மைத் தேடி வரும் கொசு, அருகில் வந்த பிறகு தோலில் உட்காராதபடி தடுப்பது மட்டுமே இவற்றின் வேலை. ஆகவே பூசிய இடத்துக்குத்தான் காவல் உண்டு. பூசாமல் விட்ட இடத்துக்கு இல்லை. இதை நான் கற்றுக்கொண்டது மகளின் காலைப் பார்த்துத்தான். முழங்காலிலிருந்து கீழே நன்றாகப் பூசியிருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். வீடு திரும்பிக் காலுறையைக் கழற்றியபோது, காலுறையின் விளிம்புக்கும் பேன்ட்டின் ஓரத்துக்கும் இடையே, இரண்டு விரல் அகலத்தில், ஏழு கடிகள் ஒரே வரிசையில் மணி கோத்ததுபோல் இருந்தன. காலுறை அணிந்த பிறகு களிம்பு பூசியதாலும், அவள் நடக்க நடக்கக் காலுறை கீழே இறங்கியதாலும் வந்த விளைவு அது. இப்போதெல்லாம் காலுறை போடுவதற்கு முன்பே பாதம் வரை பூசிவிடுகிறேன். கைக்கடிகாரத்தின் வாரைக் கழற்றி அதன் அடியிலும், காதுக்குப் பின்னும், பின்கழுத்திலும் மறக்காமல் தடவுகிறேன். முகத்துக்கு நேரடியாகப் பிதுக்காமல், என் கையில் எடுத்துக் கண்ணையும் வாயையும் தவிர்த்துப் பூசுகிறேன். குழந்தைகளின் உள்ளங்கையில் பூசவே கூடாது. அடுத்த நிமிடம் அந்தக் கை வாய்க்கோ கண்ணுக்கோ போய்விடும். வெயிலுக்கான சன்ஸ்கிரீனும் போடுவதாக இருந்தால், அதை முதலில் பூசிக் காயவிட்டு, அதன்மேல் விரட்டியைப் பூச வேண்டும்.

எத்தனை மணி நேரம் தாங்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பிப்ரவரி வெயிலில் ஏரிக்கரையில் நடப்பவருக்கும் ஒரே விடை பொருந்தாது. எந்தக் களிம்பாக இருந்தாலும் வியர்வை அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். துண்டால் துடைத்தால் துண்டோடு போய்விடும். நான் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுகிறேன். விலை மலிவு, தெருமுனைக் கடையிலும் கிடைக்கும், பிசுபிசுப்பும் சிறிது நேரத்தில் குறைந்துவிடும் என்ற மூன்று காரணங்களுக்காகவும், அன்றாடப் பயன்பாட்டுக்கு இதைத்தான் முதலில் பரிந்துரைப்பேன்.

அடுத்தது பிக்காரிடின். சிங்கப்பூரில் வசிக்கும் என் சித்தி மகன் விடுமுறைக்கு வந்தபோது 20 சதவீதத் தெளிப்பான் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். 1980களில் உருவாக்கப்பட்ட இந்தப் பொருள், மிளகில் இருக்கும் பைப்பரின் என்னும் வேதிப்பொருளின் அமைப்பை ஒட்டிச் செய்யப்பட்டது. மணம் ஏறக்குறைய இல்லை, தோலில் பிசுக்கு இல்லை, துணியையோ பிளாஸ்டிக்கையோ கெடுப்பதும் இல்லை. பிற்பகல் மூன்று மணிக்குப் பூசிக்கொண்டு இருட்டும்வரை நின்றபோதும் மறுபடி பூசும் தேவை எனக்கு ஏற்படவில்லை. நான் பயன்படுத்தியவற்றுள் மிகச் சிறந்தது இதுதான். ஆனால் நம் ஊர்க் கடைகளில் தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது. விலையும் களிம்பைவிடப் பல மடங்கு. காட்டுப் பயணம், மழைக்காலம், டெங்கு பரவும் காலம் ஆகியவற்றுக்கென்று எடுத்துவைத்துக்கொள்கிறேன்.

டீட் கலந்த தெளிப்பான் ஒன்றையும் ஒரு பருவம் பயன்படுத்தினேன். 1940களில் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கப்பட்டு, 1957 முதல் பொதுமக்களும் பயன்படுத்திவரும் இந்தப் பொருளின் திறமையைப் பற்றி எனக்கு ஐயமே இல்லை. கொசு மட்டுமன்றி உண்ணியையும் அது விரட்டும். சதவீதம் கூடினால் பாதுகாக்கும் நேரம் கூடும். ஆனால் 50 சதவீதத்துக்குமேல் போவதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. எனக்கு நேர்ந்த சிக்கல் வேறு. டீட் பிளாஸ்டிக்கை இளக்கும் தன்மையுடையது என்பதை அறியாமல், பூசிய கையோடு மூக்குக்கண்ணாடியைத் தொட்டுவிட்டேன். அதன் சட்டத்தில் விரல் பட்ட இடமெல்லாம் மங்கி, சொரசொரப்பாகிவிட்டது. தொலைநோக்கியும் கேமராவும் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மணக்கும் எண்ணெய் தோய்த்த கைப்பட்டைகளையும், சட்டையில் ஒட்டும் வண்ண ஒட்டுவில்லைகளையும் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பட்டை கட்டிய கையிலேயே, அதிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கொசு கடித்ததை நேரில் பார்த்தேன். கைப்பேசியில் ஒலி எழுப்பிக் கொசுவை விரட்டுவதாகச் சொல்லும் செயலிகளும் இப்படித்தான். குழந்தைகளுக்குப் பிடிக்கும் படம் போட்டு விற்கப்படுவதால், பெற்றோர் இவற்றைக் கட்டிவிட்டுக் களிம்பு பூசாமல் விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு உண்மையான வருத்தம்.

ஏரிக்கு அருகில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், "நொச்சித் தழையையும் வேப்பந்தழையையும் போட்டு மூட்டம் போட்டால் போதும், தம்பி" என்று சொல்லி, மாலையில் கடை வாசலில் போட்டும் காட்டினார். புகை சூழ்ந்திருந்தவரை கொசு குறைந்துதான் இருந்தது. மாட்டுத்தொழுவத்துக்கும் திண்ணைக்கும் அது ஏற்ற முறைதான். ஆனால் கரையில் நடந்துகொண்டே இருப்பவருடன் புகை சேர்ந்து வராது. இழுப்பு உள்ள பிள்ளைகளுக்குப் புகையே கேடு. வீட்டு மொட்டை மாடியில் உட்காருபவர்களுக்கு நான் சொல்வது ஒரு மேசை மின்விசிறி. கொசு வலுவாகப் பறக்கும் உயிரினம் அன்று; கால்பக்கமாகக் காற்று அடித்தால் அதனால் வந்து உட்கார முடிவதில்லை. உடையைப் பொறுத்தவரை, உடலோடு ஒட்டாத, வெளிர்நிற, முழுக்கைச் சட்டையும் முழு நீளப் பேன்ட்டும் போதும். இறுக்கமான லெக்கிங்ஸின் மேலேயே கொசு கடித்துவிடும்.

இவ்வளவு செய்தும் இரண்டு மூன்று கடிகள் விழத்தான் செய்யும். கடிக்கும்போது பெண் கொசு செலுத்தும் உமிழ்நீரில் உள்ள புரதங்களை நம் உடல் எதிர்ப்பதால் ஹிஸ்டமின் சுரந்து, தடிப்பும் அரிப்பும் வருகின்றன. சொறியச் சொறிய அவ்விடம் மேலும் சினந்து அரிப்பு கூடுகிறது. நகத்தழுக்கு உள்ளே போனால் சீழ் பிடிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மகளைச் சோப்புப் போட்டுக் குளிக்கவைத்து, பூசிய விரட்டியையும் கழுவிவிட்டு, கடித்த இடத்தில் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கிறேன். பிறகு காலமைன் லோஷன். துத்தநாக ஆக்சைடும், அதற்கு இளஞ்சிவப்பு நிறம் தரும் சிறிதளவு இரும்பு ஆக்சைடும் கலந்த பழைய மருந்து இது. பொடி அடியில் தங்கிவிடுவதால் புட்டியை நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் ஊற்றினால் மேலே நிற்கும் நீர்தான் வரும். பஞ்சில் நனைத்து ஒற்றி எடுத்தால், ஐந்து நிமிடத்தில் காய்ந்து, சுண்ணாம்படித்த சுவர்போல் மெல்லிய படலம் படிகிறது. அந்தக் குளிர்ச்சி இருக்கும்வரை என் மகள் கையைக் கொண்டுபோவதில்லை. இரவில் ஒருமுறை எழுந்து மறுபடி ஒற்றிவிட்டால் காலைவரை தூங்கிவிடுகிறாள். சில புட்டிகளில் காலமைனோடு டைஃபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை மருந்தும் சேர்த்திருப்பார்கள். அதைக் குழந்தையின் உடலில் நிறைய இடங்களில் பூசுவது நல்லதன்று. காலமைன் மட்டும் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

மருந்துக் கடைகளில் "அரிப்புக்கு ஒரு கிரீம் கொடுங்கள்" என்று கேட்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் தம்பிக்குத் தோட்ட வேலையின்போது முழங்கையில் பூச்சிக்கடி. கடைக்காரர் எதுவும் கேட்காமல் ஒரு டியூபை எடுத்துக் கொடுத்தார். பூசிய அன்றே அரிப்பு நின்றதால் அதை நல்ல மருந்து என்று நம்பி, மூன்று வாரம் எதற்கெடுத்தாலும் அதையே தடவிவந்தான். பிறகு தொடையில் படர்தாமரை வளையம் வளையமாகப் பரவி, தோல் மருத்துவரிடம் போனபோதுதான் அந்த டியூபில் இருந்தது குளோபெட்டசால் என்ற மிக வலிமையான ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், ஆன்டிபயாட்டிக்கும் சேர்ந்த கலவை என்று தெரிந்தது. ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் அடக்கிவிட, அதன் நிழலில் பூஞ்சை பெருகிவிட்டது. தோலும் மெலிந்து, வரிவரியாகத் தழும்பு விழுந்துவிட்டது. மேற்பூச்சு ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதித்திருந்தும், இவை இன்றும் கேட்டவுடன் கிடைக்கின்றன. ஒரு கொசுக்கடிக்காக இப்படிப்பட்ட களிம்பைப் பிள்ளைகளின் தோலில் பூசாதீர்கள் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். தடிப்பு மிக அதிகமாக இருந்தால், மருத்துவரிடம் கேட்டு, வலிமை குறைந்த ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதக் களிம்பை மெல்லியதாக ஓரிரு நாள் பூசலாம். புண்ணான தோலில் அதுவும் கூடாது. பெரியவர்களுக்கு இரவில் செட்டிரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை ஒன்று நமைச்சலை அடக்கும். தூக்கம் வரும் என்பதால் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. குழந்தைக்கான அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆச்சி பூச்சிக்கடிக்கெல்லாம் வெற்றிலைச் செல்லத்திலிருந்து சுண்ணாம்பு எடுத்துத் தடவுவார். அந்த அன்பை மறக்க முடியாது. ஆனால் சுண்ணாம்பு காரத்தன்மை உடையது, மெல்லிய தோலைப் புண்ணாக்கிவிடும். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் நின்றாலும் தோல் கருகிக் கொப்புளம் போடும்.

வால்பாறை, டாப்சிலிப் பக்கம் மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு அட்டைதான் கவலை. முழங்கால் வரை ஏறும் நெருக்கமான துணியாலான அட்டைத் தடுப்புக் காலுறையை வாங்குவது மிகப் பயனுள்ள செலவு. கடித்த அட்டையைத் தீயாலோ உப்பாலோ துன்புறுத்தாமல், வாய்ப்பகுதியை நகத்தால் பக்கவாட்டில் நெம்பி எடுத்துவிட்டு, கழுவி, அழுத்திக் கட்டுப் போடுங்கள். அட்டையின் உமிழ்நீரில் உள்ள பொருள் இரத்தம் உறைவதைத் தடுப்பதால் வெகுநேரம் கசியும், அஞ்ச வேண்டியதில்லை. அதன் அரிப்பு ஒரு வாரம்கூட இருக்கும், அதற்கும் காலமைன்தான்.

கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். உதடு வீங்கி மூச்சு வாங்கினால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். புதர்களில் சுற்றி வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் கண்டால், அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களைப் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு ஒன்று இருந்தால், அது ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் நோய் இது. இதைப் பரப்பும் மிகச் சிறிய உண்ணியின் கடி பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. ஆகவே யாரும் கவனிப்பதில்லை. மருத்துவரிடம் அந்தப் பொருக்கைக் காட்டி, வெளியே சென்று வந்ததையும் சொல்லிவிட்டால், டாக்ஸிசைக்ளின் போன்ற எளிய மருந்துகளிலேயே குணமாகிவிடும்.

இந்த டிசம்பர் பயணத்துக்கு என் பையில் இருப்பவை: 12 சதவீதக் களிம்பு இரண்டு டியூப், பிக்காரிடின் தெளிப்பானில் மிச்சமிருக்கும் கால் பங்கு, காலமைன் ஒரு சிறு புட்டி, பஞ்சு, ஒரு சிறு சோப்பு, மகளுக்கு மாற்றுக் காலுறை ஒரு ஜோடி. சென்ற மார்ச்சில் இதே பையோடு போய், கடைசி நாரைக் கூட்டம் இறங்கும்வரை நின்றுவிட்டு வந்தோம்; வீட்டில் காலுறையைக் கழற்றி விளக்கடியில் பார்த்தபோது அவள் காலில் ஒரே ஒரு கடி இருந்தது.