காந்தத் துடைப்பம் விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் இருக்கிற நண்பர் ஒருத்தர் நேத்து போன் பண்ணினார். "அந்தக் காந்தத் துடைப்பம் ஆஃபர்ல வந்திருக்குங்க. நீங்க ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே, வாங்கிடட்டுமா?" பட்டறைத் தரையில சிதறுற இரும்புத் துகளை ஒட்டி எடுக்க, சக்கரமும் நீளக் கைப்பிடியும் வச்ச காந்தம், அதுதான் இந்தத் துடைப்பம். போன்லயே ஆமா இல்லைன்னு சொல்லியிருக்கலாம். ஆனா எனக்கு அதுமேல இருக்கிற கோபத்துக்கு ரெண்டு வார்த்தை பத்தாது.

நீளம், எடை, சக்கரமெல்லாம் பெட்டி மேலேயே போட்டிருக்கும், விடுங்க. வேலை நல்லாத்தான் செய்யுது. மைல்டு ஸ்டீலைக் (சாதா இரும்பு) கடைஞ்சு முடிச்சதும் லேத் (கடைசல் மெஷின்) அடியில குவியற சுருள், டிரில்லிங் தூள், ஹேக்ஸா பிளேடு உதிர்த்த பொடி, எல்லாம் ஒரே இழுப்புல ஏறிடும். வைஸ் மேஜைக்குக் கீழ, குனிஞ்சாலும் கை எட்டாத மூலையிலகூட நுழையும். விளக்குமாறுல கூட்டினா பிசிறு ஈர்க்குக்குள்ள சிக்கிக்கும். அதே விளக்குமாறை யாராவது வாசல் கூட்ட எடுத்துட்டுப் போனா, கோலம் போடுற இடத்துல உதிரும். அந்தத் தொல்லை இப்போ இல்லை.

ஆனா அந்த லீவர் இருக்கே! கைப்பிடியில இருக்கிறதை இழுத்தா காந்தம் மேல ஏறும், ஒட்டினதெல்லாம் கீழ கொட்டும்னு சொல்லித்தான் விக்கிறாங்க. சுருள் கொட்டுது. கிரைண்டர் தூள் மட்டும் கொட்டவே கொட்டாது. காந்தத்துக்கு அடியில இருக்கிற தகட்டோட ரெண்டு ஓரத்துலயும் கறுப்பா மீசை மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்கும். துணியால துடைச்சா துணியில ஏறும், விரலால வழிச்சா நக இடுக்குல ஏறும். காந்தத்தை இன்னும் ஒரு அங்குலம் மேல தூக்குற மாதிரி செஞ்சிருந்தா தீர்ந்திருக்கும். இத்தனை காசு வாங்கிட்டு இதை யோசிக்க ஆள் இல்லையா?

கடைசியில நான் பண்றது இதுதான்: தகட்டு மேல ஒரு கெட்டி பிளாஸ்டிக் கவரை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுடறது. கூட்டி முடிச்சதும் கவரோட உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உரிச்சு எடுத்தா, தூள் மொத்தமும் கவருக்குள்ள. மெல்லிசுக் கவர் ஆகாது, சுருள் கிழிச்சிடும். அப்போ லீவருக்குக் குடுத்த காசு தண்டம்.

அடுத்தது, பித்தளை, அலுமினியம், எவர்சில்வர். முதல் ரெண்டும் காந்தத்தைக் கண்டுக்காது. அதுலயும் பித்தளை சுருளா வராது. ஊசி ஊசியா தெறிச்சு மூலை முடுக்கெல்லாம் போய் உக்காந்துக்கும். ஸ்டீல் பிளாண்ட் இருக்கிற ஊரு, எவர்சில்வர் துண்டு கைக்கு வராம இருக்காது. எவர்சில்வர்ல அதிகமாப் புழங்குற 304 கிரேடு தகடு காந்தத்துல ஒட்டாது. ஆனா அதைக் கடைஞ்சு வர்ற சுருள் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டும். வெட்டுற அழுத்தத்துல உலோகத்தோட உள்கட்டமைப்பு மாறிடறதுதான் காரணம். அதைப் பார்த்துட்டு எல்லாம் ஏறிடுச்சுன்னு நம்பிடாதீங்க, பாதி தரையிலதான் கிடக்கும். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில தரைத் தூசியைக்கூடக் கூட்டிச் சேர்த்து வெள்ளியைப் பிரிச்சு எடுத்துடறாங்க. நம்ம தூசியை யாரு வாங்குவா?

வீட்டுக்குள்ள பிசிறு வர்றது தரை வழியா மட்டும் இல்லை. ரப்பர் செருப்போட அடியைத் திருப்பிப் பாருங்க, குத்திக்கிட்டு மினுமினுன்னு தெரியும். நாம வீட்டுக்குள்ள வெறுங்காலோட நடக்கிற ஆளுங்க. நேரா பாதத்துலதான் ஏறும், அப்புறம் ஊக்கைத் தேடணும். மாப் போட்ட ஈரத்தரையில இரும்புத்தூள் விழுந்தா, காஞ்சதும் வெள்ளை டைல்ஸ்ல பழுப்புப் புள்ளி. எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்ச்சாத்தான் போகும். தேய்க்கிறது யாருன்னு கேக்காதீங்க. "என்னங்க, துண்டு முள்ளு மாதிரி குத்துது"ன்னு வீட்டுக்காரம்மா சொன்ன அன்னைக்கு வாஷிங் மெஷினைக் குடைஞ்சு பார்த்தா, எல்லாம் என் சட்டைப் பாக்கெட்டுல சேர்ந்திருந்த சுருள். இதுக்கெல்லாம் துடைப்பம் என்ன பண்ணும்?

பட்டறைக்குன்னு தனிச் செருப்பு, அது வாசப்படி தாண்டக்கூடாது. பாக்கெட் இல்லாத அரைக்கைச் சட்டை, கதவுக்கு வெளியவே உதறி, தனியா துவைக்கணும். ஏர் கன் வச்சு ஊதவே ஊதாதீங்க, கண்ணுக்கும் ஆபத்து, தூசியும் ஜன்னல் வழியா சமையக்கட்டு வரைக்கும் போகும். வீட்டு வேக்குவம் கிளீனரும் வேண்டாம். சுருள் குழாயில அடைச்சுக்கும். கிரைண்டர் பொறி மரத்தூளோட சேர்ந்தா உள்ளயே கனன்று தீப்பிடிக்கவும் வாய்ப்பிருக்கு.

ஆக, நண்பரே, வாங்காதீங்க. பழைய இரும்புக் கடையில ஒரு உடைஞ்ச ஸ்பீக்கர் காந்தம் கிடைக்கும். ஒரு குச்சியில கட்டி, கவர் மாட்டினா இதே வேலையைச் செய்யும். மிச்சக் காசுல நல்ல செருப்பு வாங்கிக்கலாம்.

என்னோடதை இரவல் கேட்டு மட்டும் வந்துடாதீங்க. இன்னைக்குச் சாயங்காலமும் லேத் ஓட்டணும், எனக்குக் குனிஞ்சு பொறுக்க முடியாது.