சீகோ 5 (6119): மெஷினில் குறையில்லை, டயலில்தான் தலைவலி

சர்வீஸ் முடிந்து வந்த என் பழைய சீகோ 5 ஆட்டோமேட்டிக் வாட்ச் (உள்ளே இருப்பது 6119 மெஷின்) இப்போது ஒரு நாளைக்குப் பதினைந்து விநாடி போல முந்துகிறது. 1970களின் 21 ஜூவல் (தேய்மானம் குறைக்கும் சிறு கற்கள்) மெஷினிடம் இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. “நானும் ஒண்ணு வாங்கலாமா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கும் நண்பருக்கான பதில் இது.

மெஷினைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மேஜிக் லீவர் என்ற நெம்புகோல் இருப்பதால், கை அசைவில் சுழலும் எடைத்தட்டான ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் ஸ்பிரிங் ஏறும். கையால் சாவி கொடுக்க வழியில்லை. நின்றுபோனால் படுக்கைவாட்டில் பிடித்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். நான்கு மணிப் பக்கம் இருக்கும் கிரவுனை (திருகும் குமிழை) பாதி அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருந்தால் அழுத்திய கிரவுன் சட்டென்று திரும்பாது. அதை மேலும் மேலும் குத்தாமல் சர்வீஸுக்குக் கொடுங்கள். இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை அழுத்தவே வேண்டாம். தேதியை நகர்த்தும் பல் அந்த நேரத்தில் பிடித்தபடி இருக்கும்.

எரிச்சலெல்லாம் டயலில்தான். ரப்பர் வளையம் இறுகியதும் ஈரம் உள்ளே போய் டயலில் புள்ளி விழும். அதைச் சுரண்டி, ஆரஞ்சோ பச்சையோ அடித்து, எழுத்தை மறுபடி அச்சிட்டு, ‘ஒரிஜினல்’ என்று விற்கிறார்கள். கம்பெனியின் கதிர் போன்ற உலோக மினுக்கு அந்தச் சுரண்டலோடு போயே போச்சு. எந்தப் பணத்துக்கும் திரும்பாது.

பத்து மடங்கு லென்ஸில் டயலின் அடி விளிம்பைப் பாருங்கள். ஆறு மணிக்குக் கீழே ஜப்பான் என்ற பெயரும் 6119 என்று தொடங்கும் எண்ணும் முடியளவு எழுத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இப்படி மறுபடி பெயிண்ட் அடித்த ‘ரீடயலில்’ அது இருக்காது, அல்லது மசமசவென்று இருக்கும். சிலவற்றில் 7009 என்று வேறு மெஷினின் எண்ணையே அடித்திருப்பார்கள். தேதி ஜன்னலின் ஓரத்தில் பெயிண்ட் திரண்டிருக்கும். நிமிடக் கோடு, மணியைக் குறிக்கும் கட்டையின் நடுவில் நிற்காது. டயலில் 17 ஜூவல் என்று போட்டு, திறந்தால் ரோட்டரில் 21 என்று இருக்கும்!

ஆனால் டயல் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் பின்மூடி எண்ணின் கடைசி நான்கும் வேறாக இருந்தால் பதற வேண்டாம். கம்பெனியே அப்படித்தான் போட்டது. பின்மூடியின் சீரியலில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0; நவம்பர், டிசம்பருக்கு N, D என்ற ஆங்கில எழுத்து. 2, 5 என்று தொடங்கினால் 1972 மே. அதுவும் மூடியின் வயதுதான்; மூடியை மாற்றுவது ஒரு நிமிட வேலை. அதில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று இருப்பதை நம்பி, வாட்சைக் கட்டிக்கொண்டு கை கழுவாதீர்கள்.

என் வாட்சை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஆனாலும் கேட்ட நண்பருக்குப் பதில்: இன்றைய சந்தையில், கண்ணால் பார்க்காமல் வாங்காதீர்கள். டயலின் அடி விளிம்பையும் திறந்த மெஷினையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்ப மறுக்கிறவரிடம் பேச்சே வேண்டாம். புள்ளி விழுந்த பழைய டயலோடு கிடைத்தால் எடுங்கள். கண்ணாடி, ரப்பர் வளையம் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். சர்வீஸுக்குக் கொடுக்கும்போது மட்டும் “டயலைத் தொடாதீங்க” என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள்.